காட்டுக் குதிரைக்கு ஒரு மின்னிதழ்

என்னிடம் வேளாண் விரிவாக்கம் பயின்ற மாணவி ஒருவர் சென்ற மாதம் என்னைப் பார்க்க வந்திருந்தார். வேதாரண்யம் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவர். தந்தை இரண்டு ஏக்கரில் நெல்லும் கடலையும் பயிரிடுபவர். கோடியக்கரைச் சரணாலயத்தில் திரியும் குதிரைகளைப் பற்றி மாதம் ஒரு மின்னிதழ் தொடங்கப் போவதாகச் சொன்னார். அச்சுக்கூலி கிடையாது, காகிதச் செலவு கிடையாது. எட்டுப் பக்கம் தயாரித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரே நாளில் சுற்று வட்டாரம் முழுவதும் போய்ச் சேர்ந்துவிடும் என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான். "முதல் இதழில் எதைப் போடுவது சார்?" என்று கேட்டார்.

அவரிடம் அன்று சொன்னதையும், அவர் போன பிறகு யோசித்துப் பார்த்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். குதிரைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று விவசாயிகள் கேட்கலாம். ஏர் உழுவதற்கு நாம் குதிரையைப் பயன்படுத்துவதில்லை. ஜட்கா வண்டியும் போய்விட்டது. ஆனால், வேலை தீர்ந்ததும் அவிழ்த்துவிடப்பட்ட கால்நடை, குறைந்துகொண்டே வரும் மேய்ச்சல் நிலம், கோடையில் வற்றும் குளம் என்ற மூன்றும் குதிரைக் கதையில் இருக்கின்றன. இவை மூன்றும் நமக்குத் தெரியாதவை என்று யாரும் சொல்ல முடியாது.

காட்டுக் குதிரையா, நாட்டுக் குதிரையா?

முதலில் பெயரைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். உலகில் காட்டுக் குதிரை என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை, என்றோ மனிதன் கட்டி வளர்த்த குதிரைகளின் சந்ததிகளே. கட்டுத்தறியை விட்டுப் போய், காட்டிலேயே ஈன்று பெருகியவை. உண்மையான காட்டுக் குதிரை என்று பொதுவாகக் கொள்ளப்படுவது மங்கோலியாவின் 'தாக்கி' இனம் ஒன்றுதான். வீட்டுக் குதிரைக்கு 64 குரோமோசோம்கள், தாக்கிக்கு 66. குட்டையான உடல், நிமிர்ந்து நிற்கும் பிடரி மயிர், மண் நிறம்.

இந்த இனத்தின் கதையை மாணவி தம் இதழில் அவசியம் சொல்ல வேண்டும் என்றேன். 1969ஆம் ஆண்டில் மங்கோலியாவில் ஒரு தாக்கி கண்ணில் பட்டது. அதன் பிறகு காட்டில் ஒன்றும் தென்படவில்லை. உயிரியல் பூங்காக்களில் மட்டும் சில எஞ்சியிருந்தன. அவையும் ஒரு டஜன் அளவான மூதாதைகளின் வழிவந்தவை. நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்ந்து நலிந்துகொண்டிருந்தன. எந்தக் குதிரைக்கு எது தாய், எது தந்தை, எந்த ஊரில் இருக்கிறது என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் குறிக்கும் வம்சாவளிப் பதிவேடு 1959இல் வெளியிடப்பட்டது. அதைப் பிராகா நகரின் உயிரியல் பூங்கா இன்றும் பராமரித்து வருகிறது. அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் எந்தப் பொலிகுதிரையை எந்தப் பெட்டையோடு சேர்ப்பது என்று முடிவு செய்தார்கள். 1992இல் தாக்கிகள் மங்கோலியப் புல்வெளிக்குத் திரும்பின. இன்று உலகில் அவற்றின் எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. ஒரு பதிவேடு செய்த வேலை இது. பொலிகாளையின் விவரத்தை நோட்டில் குறித்து வைக்கச் சொன்னால் சலித்துக்கொள்ளும் நம் கால்நடை வளர்ப்போர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

கடிதம் எழுதிய பிள்ளைகள்

காட்டுக் குதிரைகளுக்காக மக்களிடம் விழிப்புணர்வு உண்டாக்கிய கதைகளில் பெரியது அமெரிக்காவில் நடந்தது. அங்கே பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் கப்பலில் கொண்டுவந்த குதிரைகள் தப்பி மேற்குப் பகுதியில் பெருகின. அவற்றுக்கு 'மஸ்டாங்' என்று பெயர். சொந்தக்காரர் இல்லாத கால்நடையைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பின்னர் டிராக்டர் வந்தபோது பண்ணைக் குதிரைகளும் அவிழ்த்துவிடப்பட்டு இவற்றோடு சேர்ந்தன. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், நாய்த் தீவனத்துக்கும் கோழித் தீவனத்துக்கும் இந்தக் குதிரைகளைப் பிடித்து விற்பது ஒரு தொழிலாகவே நடந்தது. விமானத்தில் தாழப் பறந்து விரட்டுவார்கள். களைத்த குதிரையின் கழுத்தில் சுருக்குப் போட்டு, கயிற்றின் மறுமுனையில் கனமான டயரைக் கட்டிவிடுவார்கள். இழுத்து இழுத்து அது விழுந்ததும் லாரியில் ஏற்றுவார்கள்.

1950ஆம் ஆண்டில் நெவாடா மாநிலத்தில் வெல்மா ஜான்ஸ்டன் என்ற பெண்மணி காரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் செயலாளர். சிறு வயதில் இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்டவர். முன்னே சென்ற லாரியிலிருந்து ரத்தம் சொட்டுவதைக் கண்டு பின்தொடர்ந்தார். லாரி இறைச்சிக்கூடத்துக்குப் போயிற்று. உள்ளே காயம்பட்ட குதிரைகள். அன்றிலிருந்து அவர் இதையே வேலையாக எடுத்துக்கொண்டார். படங்கள் எடுத்தார், பத்திரிகைகளுக்கும் மக்கள் பிரதிநிதிகளுக்கும் எழுதினார், கூட்டங்களில் பேசினார். எதிர்த்தவர்கள் கேலியாக 'காட்டுக் குதிரை ஆனி' என்று அழைத்தார்கள். அவர் அந்தப் பெயரையே ஏற்றுக்கொண்டார்.

1959இல் விமானத்தையும் மோட்டார் வாகனத்தையும் கொண்டு பொது நிலத்தில் காட்டுக் குதிரைகளைப் பிடிப்பதையும், அவை குடிக்கும் நீர்நிலையில் நஞ்சிடுவதையும் தடுக்கும் சட்டம் வந்தது. அதோடு அவர் நிற்கவில்லை. நாடெங்கும் பள்ளிப் பிள்ளைகள் தம் கையாலேயே கடிதம் எழுதி நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். வியட்நாம் போரைத் தவிர வேறு எந்த விஷயத்துக்கும் இத்தனை கடிதங்கள் வந்ததில்லை என்று அந்நாட்டில் சொல்வார்கள். 1971 டிசம்பரில், எதிர்த்து ஒரு வாக்கும் இல்லாமல் நிறைவேறிய புதிய சட்டத்தில் குடியரசுத் தலைவர் நிக்சன் கையெழுத்திட்டார். பொது நிலத்தில் இருக்கும் காட்டுக் குதிரையையும் காட்டுக் கழுதையையும் பிடிப்பதும் கொல்வதும் குற்றமாயிற்று.

இந்த இடம் வரை என் மாணவிக்கும் தெரிந்திருந்தது. இதைப் படித்த பிறகுதான் இதழ் நடத்தும் எண்ணமே வந்ததாம். ஆனால் கதை 1971இல் முடிந்துவிடவில்லை.

சட்டத்துக்குப் பிறகு

குதிரைக்கு அங்கே பெரிய எதிரி விலங்கு அதிகம் இல்லை. மனிதனும் கை வைக்கக்கூடாது என்றாகிவிட்டது. இப்படிப்பட்ட நிலையில் ஒரு மந்தை ஆண்டுக்கு நூற்றுக்கு இருபது வரை பெருகக்கூடும். நூறு குதிரை அடுத்த ஆண்டு 120, அதற்கடுத்து 144, பிறகு 173, நான்காம் ஆண்டில் 207. நிலம் மட்டும் அதே நிலம். நெவாடா என்பது மழை குறைந்த பாலை. ஒரு பசுவுக்கே பல ஏக்கர் தேவைப்படும் மேய்ச்சல் அது.

இந்த நிலங்கள் தாங்கக்கூடியவை சுமார் 26 ஆயிரம் குதிரைகளும் கழுதைகளும்தான் என்று அந்நாட்டு நில மேலாண்மைத் துறை கணக்கிட்டிருக்கிறது. 2020ஆம் ஆண்டில் அங்கே இருந்தவை சுமார் 95 ஆயிரம். பிறகு ஆயிரக்கணக்கில் பிடித்ததால் 2024இல் 73 ஆயிரம் அளவுக்குக் குறைந்தது. பிடித்த குதிரைகளைக் கொல்ல மக்கள் சம்மதிப்பதில்லை. ஆகவே 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளைப் பட்டிகளிலும் குத்தகைப் பண்ணைகளிலும் அடைத்து அரசே தீவனம் போட்டு வருகிறது. இந்தத் திட்டத்துக்கு ஒதுக்கும் பணத்தில் பாதிக்கு மேல் இதற்கே போய்விடுகிறது. வளர்க்க விரும்புவோருக்குக் குதிரையைக் கொடுக்கும் ஏற்பாடு 1973இல் தொடங்கி 1976 முதல் நாடு முழுவதும் நடந்து வருகிறது. 2019 முதல் ஒரு குதிரைக்கு ஆயிரம் டாலர் ஊக்கத்தொகையும் தந்து பார்த்தார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு குதிரையை இறைச்சி வியாபாரிக்குத் தள்ளிவிட்டவர்களும் இருந்தார்கள். 2025இல் நீதிமன்றம் அந்தத் தொகையை நிறுத்தியது.

இதில் கால்நடைப் பண்ணையாளர்கள் ஒரு பக்கம், குதிரை அன்பர்கள் ஒரு பக்கம். குதிரை புல்லை ஒட்ட மேய்ந்துவிடுகிறது என்பது பண்ணையாளர் குறை. அதே பொது நிலத்தில் குதிரையைவிடப் பல மடங்கு மாடுகளை மேய்த்துவிட்டுக் குதிரை மேல் பழி போடுவதா என்பது அன்பர்கள் கேள்வி. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் வறட்சி இந்த வழக்கைக் கேட்டுக்கொண்டு காத்திருப்பதில்லை. 2015இல் லாஸ் வேகாஸ் நகருக்கு அருகே கோல்ட் கிரீக் என்ற இடத்தில் எலும்பும் தோலுமாக நின்ற குதிரைகளை அவசரமாகப் பிடித்தார்கள். தேறாது என்று கண்டவற்றைக் கருணைக்கொலை செய்தார்கள்.

இதைவிடக் கொடியது 2018 மே மாதம் அரிசோனாவில் நடந்தது. அது நவாஹோ பழங்குடி மக்களின் நிலம். 1971ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உட்பட்டதன்று. ஆடு மாடு வளர்க்கும் எளிய மக்கள் அவர்கள். அங்கும் சொந்தக்காரரற்ற குதிரைகள் பெருகியிருந்தன. மழை பொய்த்தது. கிரே மவுண்டன் என்ற ஊருக்கு அருகில் கால்நடைகளுக்கென வெட்டிய குளம் ஒன்று வற்றிச் சேறாகிக்கொண்டிருந்தது. எஞ்சிய நீரைத் தேடி இறங்கிய குதிரைகள் தொடையளவும் கழுத்தளவும் சேற்றில் புதைந்து மாண்டன. பலவீனத்தால் ஏற முடியவில்லை. எண்ணிப் பார்த்தபோது 191. அங்கேயே சுண்ணாம்பு தூவிப் புதைத்தார்கள்.

புல்லின் கணக்கு

குதிரை ஏன் இப்படிச் சிக்கிக்கொள்கிறது என்பதற்கு அதன் உடலமைப்பைப் பார்க்க வேண்டும். மாட்டுக்கு மேல் தாடையில் முன்பற்கள் இல்லை. நாக்கால் சுற்றிப் பறித்து மேயும். குதிரைக்கு மேலும் கீழும் முன்பற்கள் உண்டு. கத்தரித்தாற்போல் தரையோடு ஒட்ட மேயும். மாடு அசைபோட்டு, நான்கு அறை வயிற்றில் நிதானமாகச் செரிக்கும். குதிரை அசைபோடாது, தீவனம் குடலில் விரைவாகக் கடந்து போகும். ஆகவே முரட்டுப் புல்லைக் கொண்டும் அது பிழைக்கும், ஆனால் நிறையத் தின்னவேண்டும். ஒரு நாளில் 14 முதல் 16 மணி நேரம் மேய்ந்துகொண்டே இருக்கும்.

இருநூறு கிலோ எடையுள்ள மட்டக்குதிரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு உலர் தீவனம் என்று வைத்தால் நாளொன்றுக்கு 4 கிலோ. பச்சைப் புல்லாகச் சொன்னால் சுமார் 16 கிலோ. ஆண்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை டன் உலர் புல். குடிக்க நாளொன்றுக்குக் குறைந்தது 10 லிட்டர் நீர். நூறு குதிரை என்றால் ஆண்டுக்கு 146 டன் உலர் புல்லும் தினமும் ஆயிரம் லிட்டர் நல்ல நீரும் வேண்டும். சினைக்காலம் 11 மாதம். குட்டி ஈன்ற ஏழு முதல் பத்து நாட்களுக்குள் பெட்டை மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். தீவனம் நன்றாக இருந்தால் ஆண்டுக்கு ஒரு குட்டி என்பது நடக்கக்கூடியதே.

"இந்தக் கணக்கை முதல் இதழிலேயே போடு அம்மா" என்றேன். "குதிரை இதழ் என்று சொல்லிவிட்டுப் புல்லைப் பற்றி எழுதினால் யார் சார் படிப்பார்கள்?" என்று கேட்டார்.

எனக்கு ஒரு பழைய நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. நான் பணியில் சேர்ந்த புதிதில், காட்டோரக் கிராமம் ஒன்றில் மான்களைப் பாதுகாப்பது பற்றித் துண்டுப் பிரசுரம் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். படம், கொட்டை எழுத்து எல்லாம் நன்றாகவே இருந்தன. ஒரு பெரியவர் முழுவதும் படித்துவிட்டுத் திரும்ப என் கையிலேயே கொடுத்தார். "மான் இருக்கு, காடு இருக்கு. என் கடலைக் கொல்லை இதுல எங்கே சார் இருக்கு?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. மீதிப் பிரசுரங்கள் எங்கே போயின என்று நான் விசாரிக்கவும் இல்லை.

தீவுக் குதிரைகள்

கோடியக்கரையோடு ஒப்பிட நெவாடாப் பாலையைவிடப் பொருத்தமான இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் அசடீக் என்ற நீண்ட மணல் தீவு. உவர்ச் சதுப்பும் மணல்மேடும் கடற்காற்றும் கொண்டது. அங்கே மட்டக்குதிரை மந்தைகள் இரண்டு நூறாண்டுக்கு மேலாக இருந்து வருகின்றன. உவர்ப்புல்லை மேய்வதால் இவை சாதாரணக் குதிரையைப்போல் இரண்டு மடங்கு நீர் குடிக்கின்றன. அதனால் வயிறு ஊதிச் சினையுற்றதுபோல் தெரியும். பார்க்கிறவர்கள் 'நன்றாகக் கொழுத்திருக்கிறது' என்று ஏமாந்துபோவார்கள். உப்பளப் பக்கத்தில் கால்நடை வளர்ப்போருக்கு இது உதவக்கூடிய செய்தி: வயிற்றைப் பார்க்காமல் விலாவையும் முதுகெலும்பையும் தடவிப் பார்த்தே உடல் நிலையை எடைபோட வேண்டும்.

அத்தீவின் தென்பகுதி மந்தை, பக்கத்து ஊரான சிங்கோடீக்கின் தன்னார்வத் தீயணைப்புப் படைக்குச் சொந்தம். 1925 முதல் ஆண்டுதோறும் ஜூலையில் மந்தையைக் கடல் கழியில் நீந்தச் செய்து ஊருக்குக் கொண்டுவந்து, குட்டிகளை ஏலம் விடுகிறார்கள். ஏலப்பணம் தீயணைப்பு வண்டிக்கும் குதிரைகளின் வைத்தியத்துக்கும் போகிறது. மந்தை 150க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். 1947இல் மார்கரெட் ஹென்றி என்ற அம்மையார் இந்த ஊரின் குதிரைக் குட்டியைப் பற்றி எழுதிய சிறுவர் நாவல் பெரும் புகழ் பெற்று, ஏலத்துக்குக் கூட்டம் குவியத் தொடங்கியது. அங்கே எழுத்தும் இருந்தது, கணக்கும் இருந்தது.

வடபகுதி மந்தையைத் தேசியப் பூங்காத் துறை பார்த்துக்கொள்கிறது. அங்கே ஏலம் இல்லை. பன்றியின் கருமுட்டை மேலுறையிலிருந்து எடுக்கும் புரதத்தைக் கொண்டு தயாரித்த கருத்தடை ஊசியை 1994 முதல் துப்பாக்கி மூலம் தூரத்திலிருந்தே பெட்டைக் குதிரைகளுக்குச் செலுத்தி வந்தார்கள். ஓர் ஊசியின் பலன் ஏறக்குறைய ஓராண்டு. 175 அளவில் இருந்த மந்தை பின்னர் நூறுக்கும் கீழே வந்தது. ஆனால் இதற்குப் பல ஆண்டுகள் ஆயின. காரணம் வேடிக்கையானது. ஆண்டுதோறும் ஈன்று பால் கொடுக்கும் சுமை நீங்கியதும் பெட்டைகள் முன்னைவிட நெடுநாள் வாழத் தொடங்கிவிட்டன! சின்ன மந்தைக்கு, ஒவ்வொரு குதிரையையும் அடையாளம் தெரிந்த இடத்தில்தான் இந்த முறை எளிதாக நடக்கும்.

கோடியக்கரைக்கு வருவோம்

கோடியக்கரைச் சரணாலயம் 1967இல் அமைக்கப்பட்டது, முக்கியமாக வெளிமானைக் காப்பதற்காக. பரப்பு சுமார் 21 சதுர கிலோமீட்டர். வெளிமான் திறந்த புல்வெளியில் வாழும் பிராணி. குதிரை மேய்வதும் அதே புல்வெளியில். வெளிமான் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. குதிரைக்கு அந்த அட்டவணைகளில் இடமில்லை. அது வளர்ப்புப் பிராணியின் வாரிசு. எப்படி வந்தன என்பதற்கு ஊரில் பல கதைகள் சொல்வார்கள். குதிரை கப்பலேறி இந்தக் கரைக்கு வந்ததைப் பட்டினப்பாலையே பேசுகிறது என்றாலும், அதையும் இன்றைய மட்டக்குதிரையையும் முடிச்சுப் போட்டுவிட வேண்டாம் என்று மாணவியிடம் சொல்லியிருக்கிறேன்.

புல்வெளியைச் சுருக்குவதில் குதிரையைவிடப் பெரிய பங்கு சீமைக் கருவேலுக்கு உண்டு. இதில் குதிரைக்கும் ஒரு கை இருக்கிறது. கோடையில் புல் கருகியதும் இனிப்பான கருவேல் நெற்றைத் தின்கிறது. விதை செரிக்காமல் சாணத்தோடு வெளிவந்து, உரத்தோடு விதைத்தாற்போல் முளைக்கிறது. மாடும் ஆடும் இதையேதான் செய்கின்றன. நெற்று உதிரும் காலத்தில் கருவேல் தோப்பில் மேய்த்த மாட்டை நேரே வயலில் கிடை கட்டும் விவசாயிகள் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் கொட்டிலில் கட்டித் தீவனம் போட்ட பிறகு வயலுக்குக் கொண்டுபோனால் விதையில் பெரும்பகுதி கொட்டில் சாணத்திலேயே வந்துவிடும். அந்தச் சாணத்தை நன்றாக மக்கவைத்துப் பயன்படுத்தலாம்.

கஜா புயல் 2018 நவம்பர் 16இல் இந்தக் கரையைக் கடந்தபோது மனிதரின் தென்னையும் மாவும் போனதுபோல், சரணாலயத்தில் மான்களும் குதிரைகளும் மடிந்தன. அன்று தங்கள் கூரை பறிபோன மக்கள், குதிரையைப் பற்றிப் பேச யாருக்கு நேரம் என்றுதான் இருந்திருப்பார்கள். அதில் தவறு காண முடியாது.

பாக் நீரிணைக்கு அப்பால் இலங்கையின் நெடுந்தீவிலும் இதே நிலைமை. போர்த்துக்கீசியர், டச்சுக்காரர் காலத்தில் வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை அங்கே திரிகின்றன. முருகைக்கல்லை அடுக்கிய வேலிகளுக்கு நடுவே நம்மைப்போன்ற தமிழ் விவசாயிகளும் மாடு வளர்ப்போரும் வாழ்கிறார்கள். கோடை முற்றினால் நல்ல நீர் அருகிவிடும். வறட்சி ஆண்டுகளில் குதிரைகள் மடிந்த செய்தி வருவதுண்டு. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மின்னிதழுக்குக் கடல் ஒரு தடையன்று. அங்கிருந்தும் எழுதச் சொல்லலாம் என்று என் மாணவிக்கு யோசனை கூறினேன். அவர் முகம் மலர்ந்தது இந்த ஓர் இடத்தில்தான்.

இதழ் எப்படி இருக்க வேண்டும்?

கைப்பேசியில் படிப்பவருக்கு நீண்ட கட்டுரை ஆகாது. ஓர் இதழுக்கு ஒரே விஷயம் போதும். எழுத்துப் பெரிதாக இருக்கட்டும். படிக்க இயலாத முதியவர்களுக்காக அதே செய்தியை ஐந்து நிமிடம் பேசிப் பதிவு செய்து கூடவே அனுப்பலாம். சித்திரையில் நீரைப் பற்றியும், ஐப்பசி மழைக்குப் பின் புல்லைப் பற்றியும் என்று பருவத்தை ஒட்டி எழுத வேண்டும். வேலியோர விவசாயிக்கு ஒவ்வோர் இதழிலும் ஒரு பக்கம் கண்டிப்பாக ஒதுக்க வேண்டும். குதிரை வயலில் இறங்கியது என்று ஒருவர் சொன்னால் எந்தத் தேதி, எத்தனை உருப்படி, எந்தப் பயிர், எத்தனை சென்ட் என்று கேட்டு அப்படியே போட வேண்டும். குதிரைக்கு ஆதரவான இதழில் இது எதற்கு என்று வெட்டக்கூடாது. வெட்டினால் அடுத்த இதழை அவர் திறக்கமாட்டார்.

அவிழ்த்துவிடுவது பற்றியும் எழுதச் சொன்னேன். கிழமாகிவிட்டது, நொண்டுகிறது, தீவனம் கட்டுப்படியாகவில்லை என்று கழுதையையோ மாட்டையோ குதிரையையோ பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பலருக்கு இது தெரியாது. இன்றைக்குக் காட்டில் நிற்கும் மந்தைக்கு மூலமே இப்படி அவிழ்த்துவிட்ட நான்கைந்து உருப்படிகளாக இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, குதிரைகளுக்கு ஒரு பதிவேடு வேண்டும். தாக்கிக்குச் செய்ததை இங்கும் சிறு அளவில் செய்யலாம். குதிரைகள் கூட்டமாகத் திரிந்தாலும் உள்ளே குடும்பம் குடும்பமாகத்தான் இருக்கும்: ஓர் ஆண், சில பெட்டைகள், குட்டிகள். துணையில்லாத இளவட்ட ஆண்கள் தனிக் கூட்டம். குடும்பம் எளிதில் கலையாது. ஆகவே அடையாளம் வைப்பது கடினமன்று. மாடு வாங்கும்போது சுழி பார்க்க நமக்குச் சொல்லியா தர வேண்டும்? நெற்றிச் சுழி, கழுத்துச் சுழி, நெற்றி வெள்ளை, எந்தக் காலில் வெள்ளை என்று குறித்துப் படத்தோடு வைத்துக்கொண்டால் ஒவ்வொன்றும் தனித்தனியே தெரிந்துவிடும். எத்தனை பெட்டை, இந்த ஆண்டு எத்தனை குட்டி, சென்ற ஆண்டுக் குட்டிகளில் எத்தனை தப்பின என்ற மூன்றும் கையில் இருந்தால், மந்தை பெருகுகிறதா தேய்கிறதா என்று சொல்லிவிடலாம். அதன் பிறகு வனத்துறையிடமோ கால்நடைத் துறையிடமோ போய்ப் பேசினால் பேச்சுக்கு எடை இருக்கும். சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழையக்கூடாது. வனத்துறையிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்று, அவர்கள் நடத்தும் கணக்கெடுப்பில் தன்னார்வலராகச் சேர்ந்துகொள்வதே முறை. குதிரைக்கு ரொட்டியும் பழமும் கொடுத்துப் படமெடுக்கும் பழக்கத்தை இதழ் எக்காரணம் கொண்டும் வளர்த்துவிடக் கூடாது.

முதல் இதழ் தைப்பொங்கலுக்கு வருமாம். அட்டைக்கென்று சாலையோரத்திலிருந்து தாம் எடுத்த படம் ஒன்றைக் கைப்பேசியில் காட்டினார். செம்மட்டை நிறப் பெட்டை ஒன்றும் அதன் குட்டியும். பெட்டைக்கு வயிறு பெருத்திருந்தது. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். குட்டியின் நெற்றியில் இரட்டைச் சுழி. அதை முதல் எண்ணாகப் பதிவேட்டில் குறித்துக்கொள்ளச் சொன்னேன்.